மவுஸைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸ், பழைய கணினி, அலுவலகக் கணினி பற்றியும் ஆங்காங்கே கொஞ்சம் வரும். மவுஸ் ஓடவில்லை என்றதும் பலர் நேராக ட்ரைவரை, அதாவது மவுஸோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை, தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. வயர், அதைச் செருகும் போர்ட், பேட்டரி செல் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருக்கும். அதனால் இந்தப் பக்கமும் அந்த வரிசையில்தான் போகும்.

முதலில் எதைப் பார்ப்பது?

கோளாறு மவுஸிலா, கணினியிலா என்று பிரித்துவிடுங்கள். மவுஸைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் மவுஸ்தான் போயிருக்கிறது. உங்கள் விண்டோஸைக் குடைய வேண்டிய அவசியமே இல்லை. அங்கே ஓடுகிறது என்றால், பழைய போர்ட்டில் ஒரு பென் டிரைவையோ வேறொரு மவுஸையோ செருகிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் போர்ட்டில் பிரச்சினை. அது ஓடி, உங்கள் மவுஸ் மட்டும் ஓடவில்லை என்றால்தான் விண்டோஸைச் சந்தேகப்படலாம்.

வீட்டில் இன்னொரு கணினி இல்லையா? ஓடிஜி அடாப்டர் (போனில் யூஎஸ்பி பொருளைச் செருக உதவும் சிறு இணைப்பு) இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலேயே செருகிப் பார்க்கலாம். பல போன்களில் செருகிய உடனே திரையில் அம்புக்குறி வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு டிவியின் யூஎஸ்பி போர்ட்டும் இதற்கு உதவும். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் விண்டோஸையே மறுபடி நிறுவியவர்களும் உண்டு.

மவுஸில் லைட் எரியுது. அப்புறம் ஏன் அம்பு நகரல?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். லைட் எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கணினி மவுஸை அடையாளம் கண்டுவிட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை.

மவுஸ் வயருக்குள் நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். யூஎஸ்பி வழக்கப்படி சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். பச்சையும் வெள்ளையும் தகவல் போகிற கம்பிகள். விலை குறைந்த மவுஸ்களில் இந்த நிற ஒழுங்கை நம்ப முடியாது, ஆனால் வேலைப் பங்கீடு இதுதான். சிவப்பும் கறுப்பும் நன்றாக இருந்தால் லைட் எரியும். பச்சையோ வெள்ளையோ அறுந்திருந்தால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், கணினிக்கோ வந்திருப்பது மவுஸ் என்றே தெரியாது.

செருகியதும் உள்ளே நடப்பது இது. மவுஸுக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒரு தகவல் கம்பியின் வோல்டேஜை உயர்த்திப் பிடிக்கிறது. கணினி அதைப் பார்த்துத்தான் ‘ஏதோ ஒன்று வந்திருக்கிறது’ என்று தெரிந்துகொள்கிறது. பிறகு ‘நீ யார்?’ என்று கேட்கிறது. மவுஸ் 18 பைட் அளவில் ஒரு பதில் தர வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் அதில் இருக்கும். இந்தப் பதில் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் அடுத்த கட்டமே கிடையாது.

இதைக் காதாலேயே பிடிக்கலாம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மவுஸைச் செருகுங்கள். நல்லபடியாகச் சேர்ந்தால் விண்டோஸ் இரண்டு சுரத்தில் ஒரு ஒலி கொடுக்கும். கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் வேறு மாதிரியான, தட்டுத் தடுமாறுகிற ஒலி வரும். ஒலியே இல்லை என்றால் கணினி எதையும் உணரவே இல்லை. கம்பி அறுந்திருக்கலாம், போர்ட் செத்திருக்கலாம்.

வயர் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் அறுகிறது: மவுஸுக்குள் நுழையும் கழுத்தில், அல்லது செருகும் முனையை ஒட்டி. அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பிடித்தபடி அம்பை நகர்த்திப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஓடி, விட்டதும் நின்றால் வேறு சோதனை தேவையில்லை. மேஜைக்குப் பின்னால் எலி நடமாட்டம் உள்ள வீடாக இருந்தால் வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

லைட்டே எரியவில்லை. மவுஸ் செத்துப்போச்சா?

அவசரப்பட வேண்டாம். எல்லா மவுஸிலும் சிவப்பு வெளிச்சம் தெரியாது. இன்ஃப்ராரெட், லேசர் சென்சார் உள்ளவற்றில் நல்ல நிலையிலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வயர்லெஸ் மவுஸ்களில் பல இந்த ரகம். போன் கேமராவை மவுஸின் அடிப்பக்கம் காட்டினால் இன்ஃப்ராரெட் ஒளி சில சமயம் லேசான ஊதா நிறத்தில் தெரியும். பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

முன்பு சிவப்பாக எரிந்த மவுஸ் இப்போது எரியவில்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் சிபியு பெட்டியின் முன்பக்க போர்ட்டுகளை எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு கேபிள் வழியாக மதர்போர்டின் ஊசிகளில் செருகப்பட்டவை. பெட்டியைத் திறந்து தூசு தட்டும்போது அந்தக் கேபிள் கழன்றுவிடுவது சர்வசாதாரணம். மவுஸைப் பின்னால் செருகினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

போர்ட்டுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தாலோ, உள்ளே உள்ள உலோகப் பட்டைகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டாலோ அந்தப் போர்ட்டில் இனி எதையும் செருகாதீர்கள். ‘பவர் சர்ஜ் ஆன் தி யூஎஸ்பி போர்ட்’ என்ற செய்தி வந்தால் அந்தப் போர்ட்டில் அளவுக்கு மீறிய மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று பொருள். செருகியதைக் கழற்றிவிட்டு, கணினியை முழுக்க அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போடுங்கள்.

மவுஸ் இல்லாமல் செட்டிங்ஸுக்குள் எப்படிப் போவது?

விண்டோஸை விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு முழுதாக ஓட்டலாம். விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் எழும். அதில் எம் எழுத்தைத் தட்டினால், கணினியில் இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப் கீயை ஒரு முறை அழுத்திப் பட்டியலுக்குள் இறங்குங்கள். கீழ் அம்பால் நகருங்கள், வலது அம்பால் ஒரு கிளையைத் திறங்கள், இடது அம்பால் மூடுங்கள். ரைட் கிளிக் வேண்டிய இடத்தில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் அதே மெனு வரும். எங்காவது மாட்டிக்கொண்டால் எஸ்கேப்.

கணினியை மறுதொடக்கம் செய்ய டெஸ்க்டாப் திரையில் நின்று ஆல்ட், எஃப்4 அழுத்தி, வரும் பெட்டியில் அம்பால் ‘ரீஸ்டார்ட்’ வரை போய் என்டர் தட்டலாம்.

விசைப்பலகையின் வலப்பக்கம் எண் கட்டம் இருந்தால் அதையே மவுஸாக்கலாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மவுஸ் கீஸை இயக்கவா என்று கேட்கும், என்டர் தட்டுங்கள். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, 5 கிளிக். அம்பு நத்தை வேகத்தில்தான் நகரும். ஆனாலும் பாதியில் நிற்கும் வேலையைச் சேமித்துவிட்டு வெளியே வர இது போதும்.

‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வருகிறது. டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்று காட்டுகிறது. என்ன செய்வது?

மேலே சொன்ன ‘நீ யார்?’ என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை, அல்லது உளறலாக வந்தது என்பதைத்தான் விண்டோஸ் இப்படிச் சொல்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்றும், பக்கத்திலேயே ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வந்திருப்பது மவுஸா, பிரின்டரா என்பதே இந்தக் கட்டத்தில் விண்டோஸுக்குத் தெரியாது. அப்படியிருக்க, மவுஸ் ட்ரைவரைத் தேடி நிறுவி என்ன பயன்?

நான் சொல்லும் வரிசை இது. மவுஸைக் கழற்றுங்கள். கணினியை அணைத்துவிட்டு சுவரில் உள்ள ஸ்விட்சையும் அணையுங்கள்; லேப்டாப் என்றால் சார்ஜரை எடுங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிச்சம் மீதியாக இருக்கும் மின்சாரம் வடியும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, விண்டோஸ் முழுவதும் வந்த பின், பின்பக்கம் வேறொரு போர்ட்டில் மவுஸைச் செருகுங்கள். இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), நீட்டிப்பு வயர் எதுவும் வேண்டாம். போர்ட்டுகளை நிர்வகிக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் எங்கோ சிக்கிக்கொண்டு நின்றிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும்.

‘தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, அது போதாதா?’ என்று கேட்பார்கள். போதாது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கரு அணைவதில்லை. இருக்கிற நிலையிலேயே வன்தட்டில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. நேற்றைய குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் சரியாகாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்த அன்நோன் டிவைஸின் மேல் நின்று ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். பிறகு மேலே ‘ஆக்‌ஷன்’ மெனுவுக்குப் போய் ‘ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்’.

சில வழிகாட்டிகள் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ (கணினிக்குள்ளேயே போர்ட்டுகளை இணைக்கும் ஹப்) எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லும். செய்யலாம், ஆனால் டெஸ்க்டாப்பில் உங்கள் விசைப்பலகையும் யூஎஸ்பிதானே? அது மாட்டியிருக்கும் ஹப்பை நீக்கிய நொடியே விசைப்பலகையும் போய்விடும். பிறகு திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்படி ஆகிவிட்டால் பவர் பட்டனை ஒரு முறை லேசாக அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் ஒழுங்காக அணையும். திரும்பப் போட்டதும் விண்டோஸே ஹப்புகளைக் கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும். லேப்டாப்பின் சொந்த விசைப்பலகை பொதுவாக யூஎஸ்பி வழியில் இணைக்கப்படுவதில்லை என்பதால் அங்கே இந்தப் பயம் குறைவு.

இத்தனையும் செய்து இன்னும் கோட் 43 என்றால், அதே மவுஸ் வேறு கணினியிலும் இதே பாட்டைப் பாடுகிறதா என்று பாருங்கள். பாடினால் புது மவுஸ் வாங்குங்கள்.

மவுஸுக்கு ட்ரைவர் டவுன்லோட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சாதாரண யூஎஸ்பி மவுஸுக்கு வேண்டிய ட்ரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்த நிறுவனத்து மவுஸாக இருந்தாலும் ‘எச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்’ என்ற ஒரே பெயரில்தான் டிவைஸ் மேனேஜரில் நிற்கும், ஏனென்றால் எல்லாம் ஒரே பொது மொழியில்தான் பேசுகின்றன. கேமிங் மவுஸோடு வரும் மென்பொருள் கூடுதல் பட்டன்களையும் கலர் விளக்குகளையும் அமைக்கத்தான். அது இல்லாமலும் அம்பு நகரும், கிளிக் விழும்.

இணையத்தில் தேடினால் ‘உங்கள் ட்ரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று பயமுறுத்தி, இலவசமாக ஸ்கேன் செய்து, சரிசெய்யக் காசு கேட்கும் மென்பொருள்கள் முன்வரிசையில் வரும். தொடவே தொடாதீர்கள். உண்மையில் புதுப்பிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது மதர்போர்டின் சிப்செட் ட்ரைவர். அதை லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கழற்றிச் செருகினால் மறுபடி ஓடுகிறது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் சும்மா இருக்கும் யூஎஸ்பி போர்ட்டுகளைத் தூங்க வைக்கும். சில மவுஸ்கள் அந்தத் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ‘யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்’ கிளையில் ஒவ்வொரு ‘யூஎஸ்பி ரூட் ஹப்’பின் பிராப்பர்ட்டீஸையும் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ‘மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதி’ என்ற பொருளில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்று ஒன்று இருந்தால் அதையும் ‘டிஸேபிள்டு’ ஆக்குங்கள்.

மவுஸ் ஒரு ஹப் வழியாக மாட்டப்பட்டு, அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் வேறு கதை. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதைத்தான் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மவுஸ் விழுந்துவிடும்.

வயர்லெஸ் மவுஸ் ஓடவில்லை. ஆனால் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் இருப்பதாகக் காட்டுகிறதே?

அங்கே தெரிவது மவுஸ் இல்லை, அதன் ரிசீவர். கணினியைப் பொறுத்தவரை அந்தக் குட்டி டாங்கிள்தான் மவுஸ். கையில் இருக்கும் மவுஸில் செல் இல்லாவிட்டாலும், அது பக்கத்துத் தெருவில் கிடந்தாலும், ரிசீவரைச் செருகியதும் விண்டோஸ் ஒலி எழுப்பி ‘மவுஸ் வந்தது’ என்று குறித்துக்கொள்ளும். ஆகவே வயர்லெஸ் மவுஸில் இரண்டு இணைப்பைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்: ரிசீவருக்கும் கணினிக்கும் இடையில் ஒன்று, மவுஸுக்கும் ரிசீவருக்கும் இடையில் ஒன்று.

முதலாவது சரி என்றால் இரண்டாவதுக்கு வாருங்கள். அடிப்பக்க ஸ்விட்ச் ‘ஆன்’ பக்கம் இருக்கிறதா? புது மவுஸ் என்றால் செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருப்பார்கள். அதை இழுத்து எடுத்தீர்களா? செல்லை நேராகத்தான் போட்டிருக்கிறீர்களா? புதுச் செல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ‘சுவர்க் கடிகாரத்தில் ஓடிய செல்தான், நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லாதீர்கள். கடிகாரம் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். மவுஸ் சிக்னல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் சட்டென்று கூடுதலாக இழுக்கும். வழக்கமாக வீடுகளில் நடப்பதுதான் சரி: மவுஸில் தீர்ந்த செல்லைக் கடிகாரத்துக்குக் கொடுக்கலாம், கடிகாரத்தில் ஓடியதை மவுஸுக்குக் கொண்டுவரக் கூடாது.

இனி, அதிகம் பேருக்குத் தெரியாத காரணம் ஒன்று. இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் ஓடும்போது எழும் மின் இரைச்சல் சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கும், அதை ஒட்டிய போர்ட்டில் மவுஸ் ரிசீவரும் இருந்தால், ஃபைல் காப்பி ஆகும்போதெல்லாம் அம்பு தத்தித் தத்திப் போகும், சில சமயம் நின்றே விடும். ரிசீவரை மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரைச் சிபியுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மேஜை மேலே கொண்டுவந்தாலே போதும். இரும்பு மேஜைக்குக் கீழே சிபியுவை வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்வேன்.

ரிசீவர் தொலைந்துவிட்டது. வேறொரு மவுஸின் ரிசீவரைப் போடலாமா?

பெரும்பாலும் முடியாது. விலை குறைந்த மவுஸ்களை ரிசீவரோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். லாஜிடெக் விதிவிலக்கு: மவுஸிலும் ரிசீவரிலும் ஆரஞ்சு நிறத்தில் ‘யூனிஃபையிங்’ சின்னம் இருந்தால், அதே சின்னமுள்ள வேறு ரிசீவரோடு அவர்களுடைய மென்பொருள் மூலம் சேர்க்கலாம், ஒரே ரிசீவரில் ஆறு சாதனம்வரை ஏற்கும். 2021-இல் வந்த ‘லாஜி போல்ட்’ அதோடு ஒத்துப்போகாது. வாங்கும் முன் சின்னத்தைப் பாருங்கள். அதற்கும் முன், செல் போடும் குழிக்குள் பாருங்கள். ரிசீவரை வைக்கப் பல மவுஸ்களில் அங்கே ஒரு இடம் இருக்கும், தொலைந்ததாக நினைத்தது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ப்ளூடூத் மவுஸ் நேற்றுவரை ஓடியது, இன்று சேர மறுக்கிறது.

விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ளூடூத் பட்டியலில் அந்த மவுஸின் பெயரை முழுதாக நீக்கிவிட்டு, மவுஸில் உள்ள இணைப்புப் பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேருங்கள். அடியில் 1, 2, 3 என்று எண் பட்டன் இருந்தால் அது வேறு கணினிக்கான எண்ணில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இதுதான் பாதிச் சமயம் காரணம்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (BOSS, இந்தியாவில் உருவான லினக்ஸ் வகை) வைத்திருக்கும் மாணவர்கள் உட்பட, ஒரு தனிச் சிக்கல் உண்டு. ப்ளூடூத் ஜோடி சேரும்போது இரு பக்கமும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸில் புதிதாகச் சேர்த்தால் மவுஸ் புதுச் சாவியை வைத்துக்கொள்ளும், விண்டோஸோ பழைய சாவியோடு காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டிருப்பதைவிட ரிசீவர் உள்ள மவுஸ் நிம்மதி.

விண்டோஸ் வந்த பிறகு ஓடுகிறது, ஆனால் ரிப்பேர் திரையிலோ இன்ஸ்டால் செய்யும்போதோ ஓடவில்லை.

இது மவுஸின் குற்றமே இல்லை. 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று, கேபி5066835, ரெகவரி திரையில் யூஎஸ்பி மவுஸையும் விசைப்பலகையையும் செயலிழக்க வைத்தது. விண்டோஸுக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடும். ரிப்பேர் திரைக்குப் போனால் மட்டும் கையைக் கட்டிப்போட்டது போல ஆகிவிடும். அக்டோபர் 20-இல் கேபி5070773 என்ற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. நீண்ட நாளாக அப்டேட் செய்யாமல் வைத்திருந்தால் செய்துவிடுங்கள்.

பழைய விண்டோஸ் 7-ஐப் புதிய கணினியில் போட முயல்பவர்களுக்கு வேறு காரணம். 2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை முதல் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7-இன் இன்ஸ்டால் டிஸ்க்கில் யூஎஸ்பி 3.0-க்கான ட்ரைவர் கிடையாது. முதல் திரையிலேயே மவுஸும் விசைப்பலகையும் படுத்துவிடும். மவுஸ் விஷயத்தில் ட்ரைவர் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் அபூர்வமான இடம் இது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அதோடு போராடுவதைவிட புது விண்டோஸோ லினக்ஸோ போடுங்கள்.

பழைய வட்டப் பின் மவுஸைச் செருகினால் கண்டுகொள்ளவே இல்லையே?

அது பிஎஸ்/2. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது. பச்சை நிறத் துளை மவுஸுக்கு, ஊதா விசைப்பலகைக்கு. கணினி ஓடும்போது செருகினால் தெரியாது. அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட வேண்டும். பச்சை நிற மாற்றி ஒன்றைப் போட்டு யூஎஸ்பி மவுஸை அதில் மாட்டுவதும் எல்லா மவுஸுக்கும் ஓடாது. அந்த மாற்றிக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது. இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த மவுஸாக இருந்தால்தான் பலன்.

கிளிக் விழுகிறது, ஆனால் அம்பு நகரவில்லை.

அப்படியென்றால் மவுஸ் அடையாளம் காணப்பட்டுவிட்டது. சென்சார் பார்க்கும் பரப்பைத்தான் கவனிக்க வேண்டும். ஆப்டிகல் மவுஸ் கீழே உள்ள பரப்பைத் தொடர்ந்து படம் பிடித்து, படங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் நகர்வைக் கணக்கிடுகிறது. கண்ணாடி மேஜையிலும் பளபளக்கும் கிரானைட்டிலும் அதற்குப் பிடிமானம் இருக்காது. ஒரு தாளை வைத்துப் பாருங்கள். சென்சார் குழியில் தலைமுடியோ தூசோ இருந்தால் ஊதி எடுங்கள்.

லேப்டாப்பின் டச்பேடும் இதே மாதிரி காணாமல் போய்விட்டது.

முதலில் எஃப் வரிசைக் கீகளில் டச்பேடு படம் போட்ட ஒன்றை எஃப்என் கீயோடு அழுத்திப் பாருங்கள்; கை தவறி அணைந்திருக்கும். செட்டிங்ஸில், வெளி மவுஸ் செருகும்போது டச்பேடை அணைக்கும் ஒரு தேர்வும் உண்டு.

புதிதாக விண்டோஸ் நிறுவிய பின் டச்பேடு வரவில்லை என்றால் மவுஸுக்குச் சொன்னதற்கு நேர்மாறு. இன்றைய பல லேப்டாப்களில் டச்பேடு ஐ2சி என்ற உள்வழியில் இணைந்திருக்கிறது. இன்டெல் லேப்டாப் என்றால் அந்த வழியைத் திறக்க ‘சீரியல் ஐஓ’ ட்ரைவர் வேண்டியிருக்கும். அது நிறுவப்படாதவரை டச்பேடு என்று ஒன்று இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. ஒரு யூஎஸ்பி மவுஸை மாட்டி, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை எடுத்துப் போடுங்கள்.

லினக்ஸில் எப்படிச் சோதிப்பது?

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்தால் இணைந்திருக்கும் யூஎஸ்பி சாதனங்கள் வரிசையாக வரும். மவுஸைக் கழற்றி ஒரு முறை, செருகி ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். ஒரு வரி கூடினால் அடையாளம் காணப்பட்டுவிட்டது. கூடாவிட்டால் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையின் கடைசி வரிகளில் ‘டிஸ்கிரிப்டர் ரீட்’ என்ற சொற்களோடு மைனஸ் 71 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் கோட் 43 என்று சொல்வதன் லினக்ஸ் வடிவம் அது. பெரும்பாலும் வயர்தான்.

அலுவலகக் கணினியில் மட்டும் என் மவுஸ் ஓடவில்லை.

நிர்வாகத்தினர் தெரியாத யூஎஸ்பி சாதனங்களைத் தடுத்து வைத்திருக்கலாம். குடைய வேண்டாம், ஐடி பிரிவில் கேளுங்கள்.

மவுஸை ரிப்பேர் செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

சாதாரண வயர் மவுஸ் என்றால் புதிது வாங்குவதுதான் கட்டுப்படியாகும். சர்வீஸ் கூலிக்கும் புது மவுஸுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் கடையிலேயே செருகிக் காட்டச் சொல்லி வாங்கலாம். விலையுயர்ந்த மவுஸ், கழுத்தில் வயர் மட்டும் அறுந்திருக்கிறது, கையில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது என்றால் தாராளமாக முயலுங்கள். அடியில் வழுக்குப் பட்டைகளை உரித்தால் அதன் கீழே ஸ்க்ரூ இருக்கும். வயர் உள்ளே போர்டில் பெரும்பாலும் ஒரு சிறிய கனெக்டரில்தான் செருகியிருக்கும். நிறத்தை நம்பாமல், கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செல் கசிந்து தகட்டில் வெள்ளையாகப் பூத்துப்போன வயர்லெஸ் மவுஸையும் தூக்கிப் போட வேண்டாம். அல்கலைன் செல்லில் கசிவது காரம். காது குடையும் பஞ்சில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரையும். விரலால் தொடாதீர்கள், கண்ணில் கை வைக்காதீர்கள். பிறகு ஈரத்துணி நுனியால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் தகட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பு வந்ததும் புதுச் செல் போடுங்கள்.